பஞ்சாலைக்குள் பரமபதம்

எண்பதுகளில் நான் ராஜபாளையத்தில் மில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஷிப்ட் நேரத்தில் ரெண்டு பேர் நின்று சிரித்துப் பேசினாலே மெமோ வரும். இன்று அதே ஊர் மில்களில் மார்ச் 4 வந்தால் மைக் வைத்து விளையாடக் கூப்பிடுகிறார்கள். 1966-ல் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் தொடங்கப்பட்ட நாள் அது. தேசியப் பாதுகாப்பு தினம் அன்றைக்கும் உண்டுதான். சட்டையில் பேட்ஜ் குத்துவார்கள். அதிகாரி உறுதிமொழி வாசிக்க, நாங்கள் திருப்பிச் சொல்வோம். பயிற்சி முடிந்தது என்று ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

நிஜப் பயிற்சி பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் நடந்தது. கார்டிங் மெஷினுக்குள் கம்பிப் பற்கள் சுற்றிய பெரிய சிலிண்டர் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் அது உடனே நிற்காது. எடுத்த வேகம் அடங்க நிமிடக்கணக்கில் ஆகும். அடைத்த பஞ்சை எடுக்கக் கை போவது அந்த இடைவெளியில்தான். எங்கள் மேஸ்திரி புதுப் பையன்களைப் பக்கத்தில் நிறுத்தி, "சத்தம் கொறஞ்சா நின்னுருச்சுன்னு நெனைக்காதலே. கண்ணால பாரு, அப்பறம் கைய விடு" என்பார். சொல்லும்போது நீட்டுகிற வலது கையில் ரெண்டு விரல் பாதிதான் இருக்கும்.

அந்தக் காலத்து ஆட்களுக்கு இருந்த பக்குவம் இப்போது இல்லை என்று என் வயதுக்காரர்கள் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மேஸ்திரியிடம் வந்த பையன்கள் தப்பித்தார்கள். வேறு ஷிப்டில் வேறொருவரிடம் போனவர்களுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. அடிபட்டால் "அவன் தலையெழுத்து" என்பார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள், மெஷின் மறுபடி ஓடும். சுற்றுகிற பாகங்களுக்குத் தடுப்பு போட்டே ஆகவேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆவது பிரிவில் சொன்னதை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டியதில்லை. 1984-ல் போபால் விஷவாயு விபத்து நடந்த பிறகு, 1987-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான செயல்முறைகள் உள்ள ஆலைகளில் தொழிலாளிகளும் நிர்வாகமும் சரிபாதியாக உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்றது திருத்தம். தொழிலாளியின் வாய்க்குச் சட்டம் மதிப்புக் கொடுக்கவே அத்தனை உயிர்கள் போகவேண்டியிருந்தது.

இப்போதைய விளையாட்டுகளுக்கு வருகிறேன். பலூன் ஊதுவதும் மியூசிக்கல் சேரும் எனக்குப் பிடிக்கவில்லை. சந்தோஷம் வேண்டியதுதான், ஆனால் பலூனுக்கும் நூல் நூற்கிற ரிங் பிரேமுக்கும் என்ன சம்பந்தம்? நல்ல விளையாட்டு ஒன்றை ஒரு மில்லில் பழைய கார்டிங் மெஷின் பக்கத்தில் பார்த்தேன். ரெண்டு அணியும் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றன. சுவிட்சை அணைத்தார்கள். சிலிண்டர் நின்றுவிட்டது என்று தோன்றும்போது கையைத் தூக்கவேண்டும். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. எல்லோரும் தூக்கி முடித்ததும், "இப்ப திரும்பிப் பாருங்க" என்றார் பயிற்சியாளர். சிலிண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றில் கை தூக்க ஒருவருக்கும் அவசரம் இல்லை. மேஸ்திரியின் பாடம்தான் அது, இந்த முறை யார் விரலையும் விலையாகக் கேட்கவில்லை. சிலிண்டர் நிற்கும்வரை திறக்காத பூட்டு புது மெஷின்களில் வந்துவிட்டது. பழசு ஓடுகிற இடங்களில் இந்த விளையாட்டு வேண்டும்.

அடுத்தது பரமபதம். அதை எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க அதை விரித்து உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உண்டா? அதே மில்லின் கேன்டீன் தரையில் பெரிதாக வரைந்திருந்தார்கள். ஓடுகிற ரோலரில் சுற்றிய பஞ்சைக் கையால் பிடுங்கினால் பாம்பு, தடுப்பு மூடியிருக்கிறதா என்று பார்த்தால் ஏணி. ஒரு பையன் பாம்பு வாயில் விழுந்ததும் சிரித்துக்கொண்டே, "நேரம் சரியில்லண்ணே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. தாயக்கட்டை விழுகிறபடிதான் பாம்பு கடிக்கும் என்றால், எந்தத் தலையெழுத்துப் பேச்சை ஒழிக்க வந்தோமோ அதையே அல்லவா சொல்லிக்கொடுக்கிறோம்?

பயிற்சியாளரிடம் சொன்னேன். விதியை மாற்றினார். பாம்பு வாயில் நிற்கும் அணி, இந்த ஆபத்தைத் தடுக்க என்ன செய்யலாம் என்று சொன்னால் இறங்கவேண்டாம். "கவனமா இருக்கணும்" என்ற பதில் செல்லாது. தடுப்பு, பூட்டு, வெளிச்சம், ஆள், நேரம் என்று மாற்றக்கூடிய ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு ஆட்டம் வேறாகிவிட்டது. "சைடருக்கு இன்னும் ஒரு பிரேம் கூடக் கொடுத்தா எப்படி நிறுத்தி எடுப்பா? ஓடுறப்பத்தான் எடுப்பா" என்று ஒரு அக்கா சொன்னார். சைடர் என்றால் ரிங் பிரேம்களைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி. எந்த வகுப்பிலும் இப்படி ஒரு வாக்கியம் வெளியே வந்து நான் கேட்டதில்லை.

அன்று எங்கள் ஷிப்டில் எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள். இன்று ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறைய. தமிழில் நடத்தும் வகுப்பில் அவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். கையால் காட்டி விளையாடுவதில் அந்தச் சிக்கல் இல்லை. கையால் காட்டுவதற்கு வேறு பலனும் உண்டு. ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கள் சிக்னலை விரலால் காட்டி வாய்விட்டுச் சொல்வது பழைய வழக்கம். 1994-ல் அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனம் சோதித்தபோது, 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறு 0.38 ஆகக் குறைந்தது. நம் ரயில்களிலும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள்.

தீ வந்தால் வெளியேறும் போட்டியும் உண்டு. வேகமாக ஓடிய அணிக்குப் பரிசு இல்லை. வெளியே வந்து தன் ஆட்களை எண்ணி, திரும்ப உள்ளே போகாத அணிக்கே பரிசு. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை மறந்து எந்தப் பயிற்சியும் நடத்த முடியாது.

கடைசியாக 'ஆறு வித்தியாசம்'. பத்திரிகையில் வருகிற மாதிரி, ஒரே பிரேமின் ரெண்டு படம். ஆறையும் கண்டுபிடித்த பிறகு ஒடிசாப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, ரெண்டு படத்திலுமே ஒரே இடத்தில் விரலை வைத்தாள். பெல்ட் மூடியில் போல்ட் இல்லை. படம் எடுத்தது அந்த மில்லின் பிரேமில்தான். பரிசாக வைத்த பால்கோவா டப்பா அவளுக்குப் போனது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று: அன்றைய ஆட்டங்களில் வெளிவந்த குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி கேன்டீன் சுவரில் ஒட்டினார்கள், சரிசெய்த ஃபிட்டர் எதிரில் கையெழுத்துப் போடவேண்டும் என்று. போல்ட்டுக்கு அடுத்த ஷிப்டிலேயே கையெழுத்து விழுந்தது. பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூம் வெளிவாசலை மறித்து அடுக்கியிருக்கும் பஞ்சு பேல்களுக்கும், அந்த அக்கா சொன்ன கூடுதல் பிரேமுக்கும் இன்னும் விழவில்லை. அடுத்த பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டத்தில் அந்த ரெண்டையும் முதலில் எடுக்கவேண்டும் என்று தொழிலாளிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.