ஆந்தையும் மீனும்

கேள்வி: விதிகளே மறந்துபோன பழைய சீன விளையாட்டை இன்று மறுபடி ஆட முடியுமா?

பதில்: காய் தயார், சண்டை வந்தால் தீர்த்துவைக்கத்தான் ஆள் இல்லை! ஹான் காலச் சீனர்கள் பைத்தியமாக ஆடிய லியுபோவின் முழு விதிகள் தொலைந்துவிட்டன. 1973-இல் மாவாங்துயி கல்லறையில் பலகை, ஆறு கறுப்பு, ஆறு வெள்ளைக் காய்கள், 18 முகப் பகடை எல்லாம் கிடைத்தன. ஆடும் முறைக்கு, ‘லியேசி’ நூலுக்கு ஜாங் ஜான் எழுதிய உரைதான் துப்பு: உரிய இடம் சேர்ந்த காயை நிமிர்த்தி வைத்தால் அது ஆந்தை, நடுவிலுள்ள ‘நீரில்’ இறங்கி மீனைப் பிடித்தால் இரண்டு கணக்குக் குச்சிகள். காய் எந்த வழியாக நகரும்? அங்கேதான் ஆய்வாளர்களுக்குள் வழக்கு. ஹாய்ஹுன் பிரபுவின் கல்லறை மூங்கில் சுவடிகளில் லியுபோ விதிகள் இருப்பதாக 2019-இல் அறிவித்தார்கள். ஆட்டத்தோடு விதியையும் எழுதிவைக்கச் சொன்ன புண்ணியவான் வாழ்க!