பையன் எப்படி சார்?

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி, தற்சமயம் குரோம்பேட்டைத் தெரு ஒன்றின் நிரந்தர ரெஃபரன்ஸ்.

பெறுநர்: மனிதவளத் துறைத் தலைவர்கள், பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும்.

பொருள்: வேலை கேட்டு வந்தவர்களின் குணநலன் பற்றித் தாங்கள் மதியம் இரண்டு மணிக்கு விசாரிப்பது – தொடர்பாக.

பார்வை: தங்கள் சரிபார்ப்பு ஏஜென்சியின் தொலைபேசி அழைப்புகள், பல.

அம்மையீர் / ஐயா,

மேற்படி பொருள் சார்பாகக் கீழ்க்கண்ட விவரங்களைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

எங்கள் தெருவில் பொறியியல் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் நிரப்பும் விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் ‘உறவினர் அல்லாத இருவரின் பெயர், பதவி, கைபேசி எண்’ என்று ஒரு கட்டம் வருகிறது. அந்த இருவரில் ஒருவன் நான். மற்றவர் பிள்ளைக்குப் பிள்ளை மாறுவார். நான் மாறுவதில்லை. பென்ஷன் வாங்குகிறவன், பகலில் வீட்டில் இருக்கிறவன், தெரியாத எண்ணிலிருந்து வந்தாலும் போனை எடுக்கிறவன் என்ற மூன்று தகுதியும் ஒருசேர அமைந்தவன் இந்தத் தெருவில் வேறு யாருமில்லை.

சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் போன் அடிக்கும். “சார், உங்களை ரெஃபரன்ஸா கொடுத்திருக்காங்க. எத்தனை வருஷமா தெரியும்? டீம் பிளேயரா சார்? பிரஷர்ல ஒர்க் பண்ணுவாங்களா? ஏதாவது வீக்னஸ்?” கேட்கிற குழந்தைக்கே இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். அதை எந்த முதியவர் சிபாரிசு செய்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தாரோ! நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: நல்ல பையன். பெண்ணாக இருந்தால், நல்ல பொண்ணு.

இதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. மாற்றுச் சான்றிதழில் மாணவனின் ஒழுக்கத்துக்கென்று ஒரு வரி இருக்கிறதே, அதில் என் பணிக்காலம் முழுக்க ‘நன்று’ என்று எழுதியவன் நான். வகுப்பில் வாயே திறக்காதவனுக்கும் நன்று, மதில் ஏறிக் குதித்து மேட்னி ஷோ போனவனுக்கும் நன்று, என் சைக்கிளிலேயே காற்றைப் பிடுங்கிவிட்டவனுக்கும் நன்று. வேறு எதையாவது எழுதினால் அடுத்த பள்ளிக்கூடத்துக் கதவு திறக்காது. பதினைந்து வயதுப் பிள்ளையின் ஆயுளை ஒரு சொல்லில் முடக்கும் அதிகாரம் எனக்கு வேண்டாம் என்று நான் நினைத்தேன். எல்லாத் தலைமையாசிரியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த வரியை அச்சடித்த அரசாங்கத்துக்கும் இது தெரியும்.

பச்சை மைப் பேனாவும் ரப்பர் ஸ்டாம்புமாக நான் மேலொப்பம் இட்ட ஜெராக்ஸ் நகல்களுக்குக் கணக்கில்லை. பிறகு மத்திய அரசே, விண்ணப்பதாரர் தாமே கையெழுத்திட்டால் போதும், அசலை வேலையில் சேரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத் தொடங்கியது. மனிதனை நம்பலாம் என்ற முடிவுக்கு அரசாங்கம் வந்துசேர எத்தனை காலம்! அந்த நேரம் பார்த்துத் தாங்கள் போனை எடுத்தீர்கள்.

சரித்திரம் தங்களுக்கு உவப்பான பாடமா என்று தெரியவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் பட்லரும் சமையல்காரரும் புது துரையிடம் வேலைக்குப் போகும்போது பழைய துரை எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுபோவார்கள். நல்ல சீட்டு இல்லாதவர் இருப்பவரிடம் இரவல் வாங்கிக்கொள்வார். துரைக்கும் அது தெரியும், ஆனாலும் சீட்டைக் கேட்பார். தாங்கள் கேட்பது அந்தச் சீட்டைத்தான். இரவல் போவது இப்போது என் கைபேசி எண்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், தங்கள் துறையின் சாத்திரத்தையே பார்க்கலாம். ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய 85 ஆண்டு ஆராய்ச்சியைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1998 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த முறையில் எடுத்த ஆள் பிறகு நன்றாக வேலை செய்தார் என்பதற்குப் பூஜ்யம் முதல் ஒன்று வரை மதிப்பெண். ரெஃபரன்ஸ் விசாரணைக்குக் கிடைத்தது 0.26. எனக்கு அதற்குக்கூடத் தகுதியில்லை என்பது என் சொந்தக் கருத்து. மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.51. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் வித்தைக்கு 0.02. கணக்கை 2022 இல் வேறு சிலர் திருத்திப் போட்டபோது எண்கள் இறங்கின. ஆனால் ஒரே கேள்வித்தாள் நேர்காணல் முதலிடத்துக்குப் போயிற்று.

வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து வாட்ச்மேனுக்கும் தெரிந்த விஷயம். தங்கள் நேர்காணலில் ஒருவனிடம் “உன்னைப் பற்றிச் சொல்லு” என்கிறீர்கள். அடுத்தவளிடம் “ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பாய்” என்கிறீர்கள். (கம்பெனி ஐந்து வருஷத்தில் எங்கே இருக்கும் என்று அவள் திருப்பிக் கேட்கக் கூடாது.) மூன்றாமவனிடம் ஒரு விமானத்தில் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிறீர்கள். இந்தப் புதிர்க் கேள்விகளுக்குப் பேர்போன கூகுளிலேயே, ஆள் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், அவை நேர விரயம், கேட்பவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளத்தான் உதவும் என்ற பொருளில் 2013 இல் பேட்டி கொடுத்துவிட்டார். அந்தச் செய்தி சோழிங்கநல்லூர் சிக்னலில் இன்னும் நிற்கிறது போலும்.

நோட்டீஸ் பீரியட் விஷயத்துக்கு அதிக இடம் தரப்போவதில்லை. தங்கள் விளம்பரத்தில் ‘உடனே சேரக்கூடியவர்கள் மட்டும்’ என்று இருக்கிறது. தங்களிடமிருந்து ஒருவன் விலக வேண்டுமென்றால் 90 நாள். பக்கத்துக் கட்டடத்திலும் இதே விதி, இதே விளம்பரம். இருவருக்கும் ஆள் எங்கிருந்து கிடைக்கும் என்பதை எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

இனிஷியல் விவகாரம் வேறு. தமிழ்நாட்டில் நாங்கள் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு அப்பா பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டோம். தங்கள் படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ கட்டாயம். பட்டச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக. உடனே ‘முரண்பாடு’ என்று சிவப்புக் கொடி. ஒரே ஆள் மூன்று ஆவணத்தில் மூன்று பேராகித் தம்மைத் தாமே சரிபார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

இனி கடிதத்தின் உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண். நான் பாடம் நடத்திய பெண்தான். தங்களைப் போன்ற ஓரிடத்தில் எழுத்துத் தேர்வு, தொழில்நுட்பச் சுற்றுகள், மேலாளர் சுற்று எல்லாம் தாண்டினாள். கடைசிச் சுற்றில் மனிதவளத் துறை அவளிடம் கேட்டது: சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்? ஊரில் வீடு எந்தப் பக்கம்? இப்போது இருப்பது வாடகையா, சொந்தமா? கல்யாணம் எப்போது? பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. திறமையில் குறையில்லை, ஆனால் எங்கள் ‘கல்ச்சர் ஃபிட்’ பார்க்கும்போது வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், தங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று பதில் எழுதிக் கேட்டாள். இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று இயந்திரம் சொன்னது.

பத்தாம் வகுப்பில் ஐந்து பாடத்திலும் கோட்டை விட்டவனுக்குக்கூட நாங்கள் மதிப்பெண் பட்டியல் கொடுக்கிறோம். மறுகூட்டலுக்குப் போடலாம். மேல்நிலையில் விடைத்தாள் நகலே கேட்டு வாங்கலாம். தமிழில் 34 வாங்கியவனிடம் ‘தேர்வுத் துறையின் கலாச்சாரத்துக்கு நீ ஒத்துவரவில்லை’ என்று சொன்னால் அவன் அப்பா லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்குவார்.

அந்தப் பொருத்தம் என்பது என்ன என்று விசாரித்துப் பார்த்தேன். லாரன் ரிவேரா என்ற சமூகவியல் அறிஞர் அமெரிக்காவின் பெரிய சட்ட, வங்கி, ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்கள் 120 பேரைப் பேட்டி கண்டு 2012 இல் எழுதியிருக்கிறார். தன்னைப் போலவே பொழுது போக்குகிறவன், தன் விளையாட்டையே விளையாடுகிறவன், தன்னைப் போலப் பேசுகிறவன், இவர்களைத்தான் பலரும் பொருத்தமானவர் என்று எடுத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி சமம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2007 இல் வெளிவந்தது. ஜோத்கா, நியூமன் என்ற இருவர் டெல்லிப் பக்கத்து மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு எழுதியதும் அதே ஆண்டு வெளிவந்தது. திறமைதான் முக்கியம் என்று சொன்ன அதே வாயால், குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே பெயரில் சாதிப் பட்டம் இல்லாததால் தங்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதல். அதனால்தான் ‘வீடு எந்தப் பக்கம்’ வரை போக வேண்டியிருக்கிறது. ஊர் எது, தெரு எது என்று நாங்கள் கேட்டால் சாதி விசாரிப்பது என்பார்கள். ஏசி அறையில் தாங்கள் கேட்டால் அது கல்ச்சர்.

கல்யாணக் கேள்வியும் கற்பனையில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாராகும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களைத் திட்டமிட்டுத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆளெடுப்பில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று அப்போது நடப்பில் இருந்த 1976 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது வேறு. அந்த நிபந்தனை எந்தக் காகிதத்தில் இருக்கும்?

தாங்கள் உத்திரமேரூருக்கு ஒருமுறை டீம் அவுட்டிங் போய்வர வேண்டும். செங்கல்பட்டு தாண்டினால் அதிக தூரமில்லை. அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து ஆளெடுப்பு விதிகள் இருக்கின்றன. ஆண்டுகள் 919, 921. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதப் படிப்பு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் வர முடியாது, அவன் சொந்தக்காரனும் வர முடியாது. (தங்கள் ‘எம்ப்ளாயீ ரெஃபரல்’ திட்டத்தை எண்ணிப் பார்க்கவும்.) பிறகு பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது பிராமணர் ஊர்ச் சபை. பெண்ணுக்கு இடமில்லை, நிலமில்லாதவனுக்கு இடமில்லை, மற்ற சாதிக்கு இடமில்லை. கல்ச்சர் ஃபிட் அங்கேயும் அமோகமாக இருந்திருக்கிறது. ஆனால் யாரைச் சேர்ப்பதில்லை என்பதைக் கல்லில் வெட்டி ஊர் நடுவில் வைத்தார்கள். ஆயிரத்து நூறு வருஷம் கழித்துக் குரோம்பேட்டையிலிருந்து ஒருவன் படித்துவிட்டுத் திட்ட முடிகிறது. தங்களைத் திட்ட எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

எனவே, ‘கல்ச்சர் ஃபிட்’ என்பதன் நிபந்தனைகளை வரிசையாக எழுதித் தங்கள் வரவேற்பறைச் சுவரில், அந்தக் காபி மெஷினுக்கு மேலே, ஒட்டிவைக்குமாறு வேண்டுகிறேன். கிரானைட் வேண்டாம், ஏ4 தாள் போதும். எழுதக் கூச்சமாக இருக்கும் நிபந்தனைகளை விட்டுவிடலாம். விட்ட பிறகு எத்தனை மிஞ்சுகின்றன என்பதை எனக்குத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். நிராகரிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் பட்டியல் கொடுக்கவும். மறுகூட்டலுக்குக் கட்டணம் வைத்துக்கொள்ளலாம், தங்களுக்கு வருமானம்.

அதுவரை என் எண்ணுக்குத் தாராளமாக அழைக்கலாம். ஏஜென்சி பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்த என் பதிலை இங்கேயே தந்துவிடுகிறேன்: தெரியும், பல வருஷமாக, டீம் பிளேயர், வீக்னஸ் இல்லை, நன்று. இது இந்தத் தெருவில் இனி படித்து முடிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் செல்லும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரெஃபரன்ஸ்.

நகல்:
1. மேற்படி பெண்ணுக்கு, தகவலுக்காக. சொந்த ஊர் கேட்காத ஓரிடத்தில் சேர்ந்துவிட்டாள்.
2. கடைசி வீட்டுப் பையனுக்கு. நோட்டீஸ் பீரியடில் இருப்பதால் மூன்று மாதம் கழித்துப் படிப்பான்.