போகிற வாசல் வேறு

கேள்வி: ஏலக்காய் வியாபாரிகளின் மின்னஞ்சல் எல்லாம் என் செல்போனுக்கு வருகிறது. நான் போடும் பதில் மட்டும் அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்துகொள்கிறது. ஏன்?
- ஏல விவசாயி, பொட்டிபுரம்

பதில்: உங்கள் ஊர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததே, அந்த நியூட்ரினோ எத்தனை பெரிய பாறையையும் யாரையும் கேட்காமல் கடந்துவிடும். கடிதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வாசலில் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லியாக வேண்டும். அதுவும், வருகிற வாசல் வேறு, போகிற வாசல் வேறு. போகிற வாசலின் பெயர் எஸ்எம்டிபி. 1982இல் வகுத்த முறை.

செட்டிங்ஸில் ‘அவுட்கோயிங் சர்வர்’ பகுதியைத் திறங்கள். போர்ட் 25 என்று இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். குப்பை அஞ்சலுக்குப் பயந்து பல இணைய நிறுவனங்கள் அந்தக் கதவைப் பூட்டிவிட்டன. 587 என்று மாற்றி, பாதுகாப்பில் ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ தேர்ந்தெடுங்கள். ‘ரிக்வயர் சைன்-இன்’ கட்டத்தில் டிக் இருக்கட்டும்.

ஜிமெயிலா? பழைய கணக்கை ஆப்பிலிருந்து நீக்கிவிட்டு, கூகுள் உள்நுழைவு வழியாக மறுபடி சேருங்கள். கடவுச்சொல்லை மட்டும் தட்டி நுழையும் பழைய வழியை அவர்கள் 2022இல் அடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஏலக்காய்ப் படங்களை அள்ளி இணைத்திருந்தால் அளவையும் பாருங்கள். ஜிமெயிலில் 25 எம்பிதான் எல்லை.