தண்ணீரில் பால் கலந்தவர்

கேள்வி: எங்க காசிமேடு, ராயபுரம் பாஷையை சினிமாவில் பேசிக் கைதட்டல் வாங்கிய வடசென்னைக்காரர் யார்?
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாஷையைத் தமிழ்நாடு முழுக்கச் சிரித்துக்கொண்டே கேட்க வைத்த ஜே.பி. சந்திரபாபு, தூத்துக்குடிக்காரர்! வளர்ந்தது கொழும்பில், வந்து சேர்ந்தது திருவல்லிக்கேணியில். மூன்றுமே கடலோரம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

1947-ல் ‘தன அமராவதி’யில் அறிமுகம். ஏவி.எம். ‘சகோதரி’யை (1959) எடுத்து முடித்த பிறகு, படம் சப்பென்று இருக்கிறதே என்று அவரைக் கூப்பிட்டு, பால்காரர் வேஷம் கொடுத்து, காமெடியைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். பால்காரர் பாலில் தண்ணீர் கலப்பார். இவர் தண்ணீரில் பால் கலந்தார். இன்று அந்தப் படத்தில் வேறு யார் நினைவுக்கு வருகிறார்கள், சொல்லுங்கள்?

பேச்சு மெட்ராஸ், கோட்டு சூட்டு லண்டன், பாட்டுக்கு நடுவே இழுக்கும் யோடலிங் ஆல்ப்ஸ் மலை. இந்தக் கலவை வேறு யாருக்கும் ஒத்துவரவில்லை. காசு மட்டும் கையில் நிற்கவில்லை. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியிலேயே படுத்துவிட்டது. 1966-ல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தைத் தானே இயக்கினார். தட்டினார், கல்லாப்பெட்டிதான் திறக்கவில்லை.