அந்தோனியாருக்கு இரண்டு மெழுகுதிரி

தவக்காலம் வந்துவிட்டால் நம் கிறிஸ்தவர்களுக்குப் பசிமேல் ஒரு பக்தி வந்துவிடும். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. அந்த இழப்பை விளைமீன் குழம்பும் நண்டுக்கறியும் வைத்துத் தாங்கிக்கொள்வார்கள். அந்த மீனைப் பிடிக்கிற அனலைதீவு வள்ளக்காரன் வீட்டில் வருடம் முழுக்கத் தவக்காலம். அவனுக்கு மட்டும் உயிர்த்த ஞாயிறு எந்தத் தேதியிலும் விழுவதில்லை.

2022 ஓகஸ்டில் வள்ளம் ஓடுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. அடுத்த மாதம் உணவுப் பணவீக்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தொட்டது. நாட்டில் 63 இலட்சம் பேருக்கு அடுத்த வேளைச் சாப்பாடு உறுதியில்லை என்று ஐ.நா. உணவு அமைப்புகள் எழுதின. வள்ளம் கரையில் காய்ந்தது. அந்த நேரம் ஊர்காவற்றுறையிலிருந்து இரக்கம் படகேறி வந்தது: ஐந்து கிலோ அரிசி, கொஞ்சம் பருப்பு, சீனி, ஒரு பனர். பொதியைவிடப் பனர் பெரிது. வாங்குகிற ஆச்சி கமராவைப் பார்க்க வேண்டும். வெட்கத்தில் குனிந்தால் பொதியைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை கொடுப்பார்கள். அனலைதீவு ஐயனார் கோவில் ஊர், சனம் பெரும்பாலும் சைவம். அதனால் சில பொதிகளுக்குள் பருப்போடு ஒரு துண்டுப்பிரசுரமும் இருந்தது. அதை அவிக்க முடியாது.

கொடுக்குமுன் பெயர் பொறிக்கிற பழக்கம் பழையதுதான். ஒல்லாந்தர் இந்தத் தீவுக்கு ரொட்டர்டாம் என்று பெயர் வைத்தார்கள். அவர்களும் வேதக்காரர்தான். பெயரைக் கொடுத்தார்கள், வரியை எடுத்துக்கொண்டார்கள்.

பொதியைக்கூட மன்னிக்கலாம். பானை ஏன் காலியானது என்று கேட்காத வாயைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கச்சதீவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே அந்தோனியார் திருவிழா பெரும்பாலும் தவக்காலத்தில்தான் வரும். 2016இல் கடற்படை கட்டிக்கொடுத்த புதிய ஆலயம். அக்கரை இராமேஸ்வரத்திலிருந்தும் வருவார்கள், நம் தீவுப்பகுதியிலிருந்தும் வருவார்கள். இரவில் வலையை அறுத்துக்கொண்டு போன றோலரின் முதலாளியும் வலை இழந்தவனும் ஒரே சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கலாம். ஒருவருக்குப் பாடு பெருக வேண்டும், மற்றவருக்கு அந்தப் பாடு தன் கடலில் பெருகாமலிருக்க வேண்டும். பாவம் அந்தோனியார்! தொலைந்ததைத் தேடித் தருபவர் என்று பெயர் எடுத்தவர். தொலைத்தவனும் எடுத்தவனும் அடுத்தடுத்து மெழுகுதிரி கொளுத்தினால் அவர் யாரைப் பார்ப்பார்?

றோலரில் கூலிக்கு ஏறுகிறவனின் வயிறும் காய்ந்த வயிறுதான், அதை மறக்கவில்லை. எல்லாப் பழியையும் அக்கரைக்குத் தள்ளவும் முடியாது. 2017இல் இலங்கைச் சட்டம் றோலர் இழுக்கிற இழுவைமடியைத் தடைசெய்தது. அதற்குப் பிறகும் நம் கரையிலிருந்தே மடி இழுத்தவர்கள் உண்டு. படகின் அணியத்தில் மாதா படம், அடியில் மீன்குஞ்சைக்கூட விடாத மடி.

2024இல் தங்கள் ஆட்கள் இங்கே சிறையில் கிடக்கிறார்கள், விடுங்கள் என்று இராமேஸ்வரத்து மீனவர்கள் கச்சதீவுத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். அவர்கள் கேட்டதோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வயிற்றுக்காகத் திருவிழாவை விடலாம் என்ற துணிவு அவர்களிடம் இருந்தது. நம் பக்கத்தில் வலை இழந்தவனுக்காக எந்தக் கொடி இறங்கியது? எந்தச் சுற்றுப்பிரகாரம் நின்றது?

சுவாமிமாரே, அடுத்த திருவிழாவில் மறையுரை இழுவைமடியைப் பற்றி இருக்கட்டும், இரண்டு கரைக்காரரும் கேட்கத்தக்கதாக. உண்டியலில் விழுகிற காசில் அறுந்த வலைக்குப் பதில் வலை வாங்கிக் கொடுங்கள். மடி இழுக்கிற முதலாளி காணிக்கையோடு வந்தால் வாசலிலேயே திருப்பிக் கொடுங்கள். இவ்வளவும் செய்தால் பனரையும் கொண்டுவாருங்கள், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. நாங்களே இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.