ஜீப்பு வருது, ஓரம் போ மாப்ளே

மாப்ளே, அடுத்த மாசம் லீவுக்குப் போறே, போன கையோட புல்லட்டு எடுக்கப் போறேன்னு கேம்ப் முழுக்கத் தமுக்கடிச்சு வெச்சிருக்கே. நல்லது. அபுதாபி முசஃபாவுல பெட்டியைப் பின்னாடி கட்டிக்கிட்டு ஊரான் பிரியாணியைச் சுமந்தவன், ஊர்ல பொண்டாட்டியைப் பின்னாடி உக்கார வெச்சுப் போறதுல தப்பே இல்ல. மாமன் நான் குறுக்க நிக்கல. புல்லட்டு ஓட்ட உனக்குத் தெரியும். எதிர்ல போலீஸ் ஜீப்பு வந்தா எப்படி ஓட்டணும்னு தெரியாது. அதைச் சொல்லிக்குடுக்க இந்தச் சனையா தொழிற்பேட்டையில என்னை விட்டா வேற கிழவன் கிடையாது.

மொதல்ல உன் லட்சணத்தைச் சொல்லிடுறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஷாபியா பக்கத்துல சிக்னல்ல நீ நின்னதை நான் பார்த்தேன். நாலு பக்கமும் ஈ காக்கா இல்ல. ஒரே ஒரு பூனை, அதுவும் வெள்ளைக் கோட்டு மேலயே நடந்து போச்சு. நீ சிவப்பு விளக்கைக் கும்பிடாத குறையா நிக்கிறே. ஏன்? தாண்டினா 1,000 திர்ஹாம், 12 கறுப்புப் புள்ளி, வண்டி 30 நாளு உள்ள. 2020-ல அபுதாபி போட்ட சட்டப்படி அந்த வண்டியை மீட்டு எடுக்க 50,000 திர்ஹாம் கட்டணும், லைசென்சும் ஆறு மாசம் காலி. உன்னையும் வண்டியையும் பெட்டிக்குள்ள இருக்குற பிரியாணியையும் சேர்த்து ஏலம் விட்டாலும் அவ்வளவு தேறாது.

அதே நீதான் போன லீவுல கறம்பக்குடி ரோட்டுல மூணு பேரை ஏத்திக்கிட்டு, ஹெல்மெட்டை முழங்கையில மாட்டிக்கிட்டுப் போனே. உங்க அத்தை வீடியோ கால்ல காட்டுனா. முழங்கை உடைஞ்சா மாவுக்கட்டுப் போடலாம் மாப்ளே. தலைக்குப் போடுற கட்டு வேற, அதை நீ பார்க்க மாட்டே, நாங்கதான் பார்ப்போம்.

இங்க நீ யோக்கியனா இருக்கேன்னா, அதுக்குக் காரணம் உன் வளர்ப்பு இல்ல. கம்பத்து மேல உக்காந்திருக்குற கேமரா. அதுக்கு மாமன் மச்சான் கிடையாது. எந்தக் கவுன்சிலரும் அதுக்குப் போன் போட முடியாது. முந்தி போர்டுல போட்ட வேகத்துக்கு மேல 20 கிலோமீட்டர் வரைக்கும் கண்டுக்காம விட்டான். 2018 ஆகஸ்ட் 12-ம் தேதியோட அபுதாபி அதையும் எடுத்துட்டான். துபாய்க்காரன் இன்னும் குடுக்குறான். அதனாலதான் துபாய் எல்லையைத் தாண்டி வந்ததும் நம்ம டிரைவருங்க எல்லாரும் திடீர்னு மகானாயிடுறானுங்க.

இங்க போலீஸ் எப்படி ஓட்டுறான்னு கேக்குறியா? அதை நான் சொல்ல மாட்டேன். எனக்கு விசா இன்னும் பாக்கி இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்றேன், லைட்டைப் போட்டு வர்ற சுர்தா (போலீஸ்) வண்டிக்கு வழி விடலேன்னா 3,000 திர்ஹாம், ஆறு புள்ளி, வண்டி 30 நாளு உள்ள. நம்ம ஊர்லயும் 2019 செப்டம்பர்லேருந்து ஆம்புலன்ஸ், தீயணைப்பு மாதிரி அவசர வண்டிக்கு வழி விடாதவனுக்கு 10,000 ரூபா. சட்டம் ரெண்டு ஊர்லயும் இருக்கு. நம்ம ஊர்ல உள்ள சிக்கல் என்னன்னா, சைரன் போட்டு வர்ற ஜீப்பு திருடனைப் பிடிக்கப் போகுதா, அதிகாரி வர்றதுக்கு முன்னாடி போய் விறைப்பா நிக்கப் போகுதா, சூடு ஆறுறதுக்குள்ள புரோட்டாவுக்குப் போகுதான்னு ரோட்டுல போறவனுக்குத் தெரியாது. அதனால எல்லாத்துக்கும் வழி விட்டுடு. ஜீப்பைக் கோயில் காளைன்னு நெனச்சுக்க. யார் கொல்லையில மேஞ்சாலும் யாரும் அடிக்க மாட்டாங்க, நீ மட்டும் கொம்பைப் பிடிக்கப் போகாதே.

இப்ப ரோட்டுக்கு வா. கிராமத்து ரோடு எப்படி இருக்கு? பழைய தார் மேலயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு ரோடு ஒசந்துபோச்சு, ஓரத்து மண்ணு கெடந்த இடத்துலயே கெடக்கு. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரை ஜாண் இறக்கம். அகலம் ஒரு வண்டிக்குத்தான். ராத்திரி எட்டு மணி. எதிர்ல போலீஸ் பொலேரோ ஜீப்பு ஹைபீமைப் போட்டுக்கிட்டு நட்ட நடுவுல வருது. நீ லைட்டை ரெண்டு தரம் அடிச்சுக் காட்டுறே, டிம் பண்ணுப்பான்னு. அவனும் ரெண்டு தரம் அடிக்கிறான், நீ யாருடான்னு. உன் கண்ணு பூத்துப்போகும். முன் சக்கரம் விளிம்பை விட்டு மண்ணுல இறங்கும். இறங்குனா இறங்குனபடியே போ மாப்ளே. ஆக்சிலேட்டரை விடு, பிரேக்கை இறுக்காதே, மண்ணுலயே உருட்டிக்கிட்டுப் போயி, மண்ணும் தாரும் சமமா வர்ற இடத்துல மேல ஏறு. நீ என்ன பண்ணுவே? மானம் போச்சுன்னு அந்த இடத்துலயே ஹேண்டிலை ஒடிச்சு மேல ஏத்தப் பார்ப்பே. சக்கரம் ஏறாது, விளிம்பைத் தேச்சுக்கிட்டே போகும், அப்புறம் ஒரு நொடியில படக்குனு ஏறி உன்னைக் குறுக்க தூக்கிப் போடும்.

ஜீப்பு போயிக்கிட்டே இருக்கும். அவங்க கண்ணாடியில புழுதிதான் தெரியும். அப்புறம் தாள்ல என்ன எழுதுவாங்க தெரியுமா? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து தானாகவே நிலைதடுமாறி." இந்த வாக்கியத்துக்கு ஸ்டேஷன்ல ரப்பர் ஸ்டாம்பு இருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

அடுத்தது புளியமரம். நிழலுக்காக வெச்ச மரம்னு நீ நெனைக்கிறே. ஹெல்மெட் செக்கிங்குக்காகவே வெள்ளைக்காரன் நட்டுட்டுப் போன மரம் மாதிரி அத்தனை தோதா வளைவுல நிக்கும். வளைவு திரும்புனதும் மரத்துக்குப் பின்னாடியிலேருந்து ஒருத்தர் லத்தியோட ரோட்டுக்குள்ள பாய்வார். நீ அவரை இடிக்கக் கூடாதுன்னு வெட்டி எதிர் லாரியில போய் விழலாம். திரும்பி ஓடலாம்னு நெனச்சா அதுதான் எல்லாத்துலயும் மோசம்.

2018 மார்ச் 7-ம் தேதி, திருச்சி தஞ்சாவூர் ரோட்டுல திருவெறும்பூர் பக்கம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஹெல்மெட் இல்லாம வந்த புருஷன் பொண்டாட்டி நிக்காம போனாங்க. டிராபிக் இன்ஸ்பெக்டர் விரட்டிப் போய் ஓடுற வண்டியை எட்டி உதைச்சார்னு கேஸு. பின்னாடி இருந்த பொண்ணு விழுந்து செத்துப்போச்சு. ஜனம் ஆயிரக்கணக்குல ரோட்டுல உக்காந்துச்சு, இன்ஸ்பெக்டரைக் கைது பண்ணாங்க. இதுல நையாண்டி பண்ண எனக்கு வாய் வரல. ஹெல்மெட் போடாததுக்கு அப்ப அபராதம் 100 ரூபா.

அடுத்த வருஷம், 2019 நவம்பர்ல, கேரளா ஹைகோர்ட்டு நல்லாவே ஒண்ணு சொல்லுச்சு. ஹெல்மெட் போடாதவனை விரட்டிப் பிடிக்காதே, ரோட்டு நடுவுல பாய்ஞ்சு மறிக்காதே, கேமராவுல நம்பரைப் பிடிச்சு நோட்டீஸ் அனுப்புன்னு. சரிதானே? நம்பர் எங்கயும் ஓடிப்போகாது. ஆனா அது கேரளாவுல சொன்னது. நம்ம புளியமரத்துக்கு மலையாளம் தெரியாது.

வெள்ளைக்காரன் ஊர்ல இப்படி இல்லைன்னு நம்ம கேம்ப் அறிவாளி ஒருத்தன் அளக்குறான். கார்டிஃப் ஊர்ல ஏலின்னு ஒரு பகுதி. 2023 மே மாசம் மின்சார பைக்குல போன ரெண்டு சின்னப் பசங்க விபத்துல செத்தாங்க, அன்னிக்கு ராத்திரியே ஊர் பத்திக்கிச்சு. நாங்க விரட்டவே இல்லைன்னு போலீஸ் தரப்புல சொன்னாங்க. அப்புறம் பார்த்தா, விபத்துக்குச் சில நிமிஷம் முன்னாடி ஒரு போலீஸ் வேன் அவங்க பின்னாடியே போறது கேமராவுல வந்துடுச்சு. விரட்டுன எந்த வண்டியும் எந்த நாட்டுலயும் தான் விரட்டுனேன்னு மொதல்ல ஒத்துக்காது மாப்ளே. கேமரா ஒத்துக்க வெக்கும்.

சட்டத்துல ஒரு ரகசியம் இருக்கு, கிட்ட வா. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல சேர்த்தது, 210-பி பிரிவு. சட்டத்தை அமல்படுத்துற அதிகாரியே அந்தச் சட்டத்தை மீறினா அபராதம் ரெண்டு மடங்கு. நீ ஹெல்மெட் போடலேன்னா 1,000 ரூபா, ஏட்டையா போடலேன்னா 2,000. அபாயகரமா ஓட்டுனா உனக்கு 5,000 வரைக்கும், அவருக்கு 10,000 வரைக்கும். எவ்வளவு நியாயமான சட்டம் பாரு! ஏட்டையாவுக்கு ரசீது எழுத வேண்டியதும் ஏட்டையாதான். அந்த ரசீது புத்தகம் எழுதி எழுதித் தேஞ்சிருக்கும்னு நீ நம்புறியா?

இன்னொண்ணு, உன் புல்லட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லேன்னா ஓரங்கட்டுவாங்க. சர்க்கார் ஜீப்புக்கு அந்தக் கட்டாயமே கிடையாது, 146-வது பிரிவுலயே விலக்கு இருக்கு. அப்ப இடிச்சா யார் குடுப்பா? சர்க்காரே குடுக்கணும். அதுக்கும் ஒரு கதை இருக்கு. 1952-ல உதய்ப்பூர்ல கலெக்டரோட ஜீப்பை ஒர்க்ஷாப்புலேருந்து திருப்பி ஓட்டிட்டு வந்த டிரைவர், நடைபாதையில போன ஒருத்தரை இடிச்சுட்டான். ஆள் ஆஸ்பத்திரியில செத்துட்டார். பொண்டாட்டியும் சின்னக் குழந்தையும் கேஸ் போட்டாங்க. சர்க்காரு எங்களைக் கேக்க முடியாதுன்னு வாதாடுச்சு. 1962-ல சுப்ரீம் கோர்ட்டு, மத்த முதலாளிக்கு உள்ள பொறுப்பு உனக்கும் உண்டுன்னு அடிச்சுச் சொல்லி 15,000 ரூபா குடுக்க வெச்சுது. அப்படிப் போடுன்னு நீ கை தட்டுறதுக்குள்ள 1964-ல இன்னொரு தீர்ப்பு. மீரட்ல ஒரு வியாபாரிகிட்ட போலீஸ் பிடுங்கி வெச்ச தங்கத்தை ஏட்டு ஒருத்தர் தூக்கிக்கிட்டுப் பாகிஸ்தான் போயிட்டார். அதுக்குச் சர்க்காரு பொறுப்பில்லைன்னு அதே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. ஆக மாப்ளே, சட்டப்படி பார்த்தா போலீஸ்கிட்ட தங்கத்தைக் குடுக்குறதைவிட ஜீப்புல அடிபடுறதுதான் லாபம்.

போலீஸ் மேல புகார் வாங்குறதுக்குன்னே ஒரு அமைப்பு வேணும், தலைவரா ஓய்வு பெற்ற நீதிபதி இருக்கணும்னு 2006-ல பிரகாஷ் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. தமிழ்நாடு 2013-ல சட்டம் போட்டுச்சு. மாநிலத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், மாவட்டத்துக்குத் தலைவர் கலெக்டர். மாமியார் கொடுமையை விசாரிக்க மாமனாரையே உக்கார வெச்சாச்சு.

அந்த ஜீப்பு ஓட்டுற பையனையும் நான் ஒரேயடியா திட்ட மாட்டேன். பகல்ல மந்திரி பந்தோபஸ்து, ராத்திரி ரோந்து, நடுவுல கோர்ட்டுக்குக் கைதி. தூக்கம் இல்லாம ஓட்டுறவன் கண்ணுக்கு நீயும் மைல் கல்லும் ஒண்ணுதான். பக்கத்துல உக்காந்திருக்குறவர் "மிதிடா"ன்னா மிதிக்க வேண்டியதுதான். அவனைக் கேள்வி கேக்குற கேமரா ஒண்ணு டாஷ்போர்டுல இருந்தா அவனுக்கே நல்லது. மெதுவா போகச் சொல்லி மேலதிகாரிகிட்ட அவன் வாயால சொல்ல முடியாது, கேமரா பேர்ல சொல்லிக்கலாம். கம்பத்து மேல இருக்குற கேமரா உன்னை மகானாக்கும்னா, ஜீப்புக்குள்ள இருக்குற கேமரா ஏட்டையாவையும் ஆக்கும். எனக்கு இதுல சந்தேகமே இல்ல.

நீ புல்லட்டுல கேமரா மாட்டுற செலவை யோசிக்காதே, ஊர்ல மாட்டு. இங்க மட்டும் போனை எடுத்து விபத்தைப் படம் பிடிச்சு ஸ்டேட்டஸ்ல போட்டுடாதே. அடிபட்டுக் கெடக்குறவனைப் படம் எடுத்தா இந்த ஊர்ல ஜெயிலு, இல்லேன்னா லட்சத்துக்கு மேல திர்ஹாம் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஊர்ல ஜீப்பு தட்டிட்டுப் போனா துரத்தாதே. புல்லட்டு பொலேரோவைப் பிடிக்கும், பிடிச்சதுக்கப்புறம் என்ன பண்ணுவே? நம்பரைப் பாரு. தமிழ்நாட்டுல சர்க்கார் வண்டி நம்பர்ல "ஜி" எழுத்து இருக்கும். நேரத்தையும் மைல் கல்லையும் குறிச்சுக்க. 108-க்குப் போன் போடு. ஆஸ்பத்திரியில எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டா "கீழ விழுந்துட்டேன்"னு பெருந்தன்மையா சொல்லாதே, ஜீப்பு இடிச்சுதுன்னு சொல்லி எழுத வை. ஆஸ்பத்திரி சீட்டுல ஏறாதது கோர்ட்டுல ஏற ரொம்பக் கஷ்டப்படும். ஸ்டேஷன்ல புகாரை வாங்கலேன்னா சண்டை போடாதே, எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு, அதுக்குச் சட்டத்துல வழி இருக்கு. விபத்தைப் பத்தி 48 மணி நேரத்துக்குள்ள போலீசே நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு முதல் அறிக்கை அனுப்பணும்னு 2022-லேருந்து விதி. அனுப்பிட்டீங்களாய்யான்னு பணிவா ஒரு தரம் கேளு. நஷ்டஈட்டு மனுவையும் ஆறு மாசத்துக்குள்ள போட்டுடு. ஆறு மாசம்னா நீ லீவு முடிஞ்சு இங்க வந்து பெட்டியைக் கட்டியிருப்பே, அதனால வக்காலத்துல கையெழுத்துப் போட்டுட்டே விமானம் ஏறு.

2022-ல நம்ம நாட்டு ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர். அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல இருசக்கர வண்டியில போனவங்க. அவங்கள்ல எத்தனை பேரு ஓட்டுனது சரின்னு யாரும் திரும்பி வந்து சொல்லல.

ஹெல்மெட்டை இங்கேருந்து தூக்கிட்டுப் போகாதே. 2021 ஜூன் 1-லேருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை நம்ம நாட்டுல விக்கக் கூடாதுன்னு சட்டம். உன் அபுதாபி ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முத்திரை எங்கடான்னு கேக்க ஒருத்தர் நிப்பார். ஊர்க் கடையில முத்திரையைப் பார்த்து ரெண்டா வாங்கு, ஒண்ணு பின்னாடி உக்காருறவளுக்கு. பூ கசங்கும்னு சொன்னா, வண்டியை விட்டு இறங்கினப்புறம் வெச்சுக்கச் சொல்லு.