கடைசியில் வந்தவனுக்கு முதல் இலை

என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று ஹார்ட் டிஸ்க்குகள். லினக்ஸ் அவற்றுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் வைத்திருந்தது. அதை நம்பி, ஊறுகாய் ஜாடிக்கு லேபிள் ஒட்டுகிற மாதிரி ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். உரிந்துவிடக் கூடாதே என்று மேலே செலோடேப் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 500 ஜிபி டிஸ்க்கைக் காலியாகக் கிடந்த சாட்டா போர்ட்டில் செருகினேன். நாலாவது ஆள், ஆகவே எஸ்டிடி. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத்தான் பவர் பட்டனையே தொட்டேன்.

பாதி பூட்டில் திரை நின்றது. எஸ்டிசி1 வரவேண்டுமாம், 90 விநாடி பொறுக்க வேண்டுமாம். ரயில்வே கேட்டில் நிற்பதுபோல் நின்றேன். ரயிலும் வரவில்லை, கேட்டும் திறக்கவில்லை. கடைசியில் ரூட் பாஸ்வேர்டைக் கேட்டது.

நான் செருகியது முதல் போர்ட். கண்ணில் படுகிற வரிசையில் பெயர் வைப்பது கெர்னலின் வழக்கம். கடைசியில் வந்தவன் முதல் இலையில் உட்கார்ந்து எஸ்டிஏ ஆகிவிட்டான். மற்ற மூவரும் ஆளுக்கு ஓர் இலை தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், பேக்கப் டிஸ்க்கை எஸ்டிசி1 என்று எழுதிவைத்த புத்திசாலி நான்தான்.

மற்ற இரண்டும், டிஸ்க்குகளை ஒரே குரூப்பாகச் சேர்த்துவைக்கும் எல்விஎம் பொறுப்பில் இருந்தவை. அவை என்ன ஆயினவோ என்று பதறி 'பிவிஎஸ்' அடித்துப் பார்த்தேன். டிஸ்க்குகளின் பெயர் மாறியிருந்தது. வால்யூம் குரூப் கலையவே இல்லை. எல்விஎம் பெயரை நம்புவதில்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில், வழக்கமாக இரண்டாவது செக்டரில், 32 எழுத்து யூயூஐடி ஒன்றைப் பொறித்துவைத்து அதைத்தான் தேடுகிறது. பள்ளிச் சான்றிதழில் 'வலது புறங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதுவார்களே, அந்தச் சங்கதிதான்.

பேக்கப் டிஸ்க்கின் மச்சத்தையும் 'பிளக்ஐடி' போட்டுக் கண்டுபிடித்து எஃப்எஸ்டேப்பில் எழுதினேன். புத்தி வந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அடுத்து, பழைய டிஸ்க்கைத் துடைக்கலாம் என்று கட்டளையை அடித்து, முடிவில் எஸ்டிடி என்று போட்டேன். ஸ்டிக்கரில் அப்படித்தானே இருக்கிறது! என்டர் மேல் விரல். பக்கத்து ஜன்னலில் 'எல்எஸ்பிஎல்கே', எஸ்டிடிக்கு நேராக 2 டிபி என்று காட்டிக்கொண்டிருந்தது. 500 ஜிபி டிஸ்க் ஒரு மணி நேரத்தில் இவ்வளவு சதை போடாது. அது என் பேக்கப். ஏழு வருஷத்துக் குடும்ப போட்டோக்கள். விரலை அடுப்பிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். முதலில் அண்ணன் பெயர், அப்புறம் மாமா பெயர், பிறகு எப்போதோ செத்துப்போன நாயின் பெயர். நாலாவது முயற்சியில்தான் நான். போய் உட்கார்ந்தால், தட்டில் ஓரம் முறுகலாக, வெங்காயம் போடாமல், எனக்கென்றே ஊற்றிய தோசை.

சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்டிக்கர்களை உரிக்க உட்கார்ந்தேன். செலோடேப் போட்டிருந்தேன் இல்லையா, பாதிதான் வந்தது.